அலுமினியச் சட்டியில் சமைத்தால் மறதி நோய் வருமா?

"அலுமினியச் சட்டியில் சமைத்தால் அல்சைமர் வரும், இன்றே தூக்கிப் போடுங்கள்" என்று கடலூர் முதுநகர் பக்கம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இதற்கு நிரூபணம் இல்லை.

சந்தேகம் பிறந்தது 1965-ல். முயல் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்தியபோது, அல்சைமரில் காண்பது போலவே நரம்பணுக்களில் இழைகள் முடிச்சு முடிச்சாகப் பின்னிக்கொண்டன. ஆனால் உற்றுப் பார்த்தால் அல்சைமர் இழைகளின் அமைப்பே வேறு. 1970-களில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்கு மூளை பாதித்தது உண்மைதான். டயாலிசிஸ் நீரிலிருந்த அலுமினியம் ரத்தத்தில் கலந்ததால் வந்தது அது. அதுவும் அல்சைமர் அல்ல. சாப்பாட்டோடு போகும் அலுமினியத்தில் குடல் உறிஞ்சுவது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும், அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்து உட்பட, டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒன்று மட்டும் நிஜம். புளிக்கு அலுமினியம் ஆகாது. மீன்குழம்பு வைத்து வைத்து, சட்டியின் உட்புறம் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும், பார்த்திருப்பீர்கள்; அந்த உலோகம் குழம்பில்தான் போயிருக்கிறது. (மீன்குழம்புக்கு மண்சட்டிதான் ருசி, அது வேறு விஷயம்.) சோறு வடிக்கிற குண்டானைப் பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டியதில்லை.