காலிக் குலையில் முளைத்த காளான்

2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. கோலாலம்பூர் செந்தூலில் மச்சான் வீட்டில் அன்று முழுக்க அதே பேச்சுதான். நம் டீசலில் 2019 முதல் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயில் செய்த பயோடீசல் கலக்கிறார்கள். சரி, அது சட்டியில் ஊற்ற வேண்டிய எண்ணெய். பிழிந்த பிறகு மிஞ்சுவதை என்ன செய்கிறோம்?

நான் வளர்ந்தது சிலாங்கூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். ஆலைக்குப் பின்னால் காலிக் குலைகள் மலையாகக் கிடக்கும். ஆவியில் வெந்து, பழம் உதிர்ந்து, நார் நாராக இருக்கும். கையில் எடுத்தால் ஈரம் கசியும். சில வாரம் போனால் அதில் காளான் முளைக்கும். அம்மா விடியற்காலையில் போய், குடை விரியாத மொட்டாகப் பார்த்துப் பறித்து வருவார். மிளகு தட்டிப் போட்டுப் பிரட்டினால் வீடே மணக்கும்.

அந்தக் காளான் நாரைச் சர்க்கரையாக உடைத்துத் தின்றுதான் வளர்கிறது. வைக்கோலிலும் காலிக் குலையிலும் எத்தனால் எடுக்கும் வழியும் இதேதான். பூஞ்சை தரும் நொதியை (என்சைம்) விட்டு நாரைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து வடிக்கிறார்கள். லிக்னின் என்ற பசை நாரை இறுக்கிப் பிடித்திருப்பதால் முதலில் அதைத் தளர்த்த வேண்டும். காசு அதிகம் கரையும் இடங்களில் அதுவும் ஒன்று. எத்தனால் பெட்ரோலில் சேரும், மச்சானின் டீசல் வேனுக்கு ஆகாது. இன்னொரு வழியும் உண்டு. நாரைக் காற்றுப் புகாமல் 500 டிகிரி வரை சூடாக்கினால் கறுப்பு எண்ணெய் கிடைக்கும். அமிலமும் தண்ணீரும் கலந்திருப்பதால் அப்படியே இஞ்சினில் ஊற்ற முடியாது. கொதிகலனில் எரிக்கலாம், சுத்திகரித்தால் டீசலாகவும் மாற்றலாம்.

இந்தியாவில் பானிபட்டில் 2022-இல் இப்படி ஓர் எத்தனால் ஆலையைத் திறந்தார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். அந்த வைக்கோலை வயல் வயலாகப் போய்க் கட்டி, ஏற்றி, மழை படாமல் அடுக்க வேண்டும். நமக்கு அந்தப் பாடே இல்லை. 100 கிலோ பழக்குலை ஆலைக்கு வந்தால் 20 கிலோவுக்கு மேல் காலிக் குலையாக அங்கேயே மிஞ்சுகிறது. லாரிக் கூலி பழத்தோடு முடிந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், எரிபொருள் ஆலை வந்தால் எண்ணெய் ஆலைக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். ஈரக் குலையை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது தண்ணீருக்கு லாரி வாடகை கொடுப்பது போல.

எல்லாவற்றையும் அள்ளிவிடவும் கூடாது. காலிக் குலையில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. மரத்தடியில் பரப்பினால் மண்ணுக்கு நல்லது. நான் கேட்பது குவியலாகக் கிடந்து, உள்ளே காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விடும் மிச்சத்தைத்தான்.

இந்த நாட்டில் செம்பனை வணிகப் பயிராக முதலில் நடப்பட்டது 1917-இல், கோலசிலாங்கூர்ப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில். பெயரிலேயே தமிழ் இருக்கிறது. காடு அழித்ததும், நட்டதும், குலை வெட்டிச் சுமந்ததும் நம் ஆட்கள். அடுத்து வரும் ஆலையில் நொதித் தொட்டிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ஆள் எடுக்கும்போது தோட்டத்துப் பிள்ளைகளை முதலில் கூப்பிட வேண்டும். என் அண்ணன் மகன் ரசாயனப் பொறியியல் டிப்ளோமா முடித்துவிட்டு, இப்போது கோலாலம்பூரில் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.