அரை மணி நேரத்தில் ஒரு ராணி

(தையல் கடை. மணி அண்ணன் மெஷினில். பேண்ட் உயரம் குறைக்கக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் காத்திருக்கும் கார்த்தி, போனில் எக்ஸ்-மென் '97 என்ற சூப்பர்ஹீரோ கார்ட்டூன் தொடர் பார்க்கிறான்.)

கார்த்தி: சே! கெடுத்துட்டாங்கண்ணே.

மணி: யாரைத் தம்பி?

கார்த்தி: மேடலினை. இது மூன்றாவது எபிசோடு. ஹீரோ ஸ்காட்டின் பெண்டாட்டி ஜீனாக இருந்தவள் நிஜ ஜீன் இல்லை, வில்லன் சினிஸ்டர் தயாரித்த நகல் என்று தெரிய வருகிறது. அவன் அவள் மனசுக்குள் புகுந்து ஆட்டிவைக்கிறான். உடனே காப்ளின் குவீன் என்கிற பொல்லாத ராணி ஆகிவிடுகிறாள்!

மணி: காட்டு. (போனை வாங்கி) டிரெஸ்ஸுமா மாறிவிட்டது? யாருப்பா அளவெடுத்தது? இடுப்பில் ஒரு சுருக்கம் இல்லையே. பின்னால் தொங்குகிற துணிக்கு மட்டும் ஓரம் அடிக்காமல் விட்டுவிட்டார்கள்.

கார்த்தி: அது ஸ்டைல்ணே.

மணி: என்னிடம் அப்படிக் கொடுத்தால் காசு தருவாயா? சரி, அவளுக்கு அப்படி என்ன கோபம்?

கார்த்தி: அதுதான் இடிக்கிறது. காமிக்ஸில் அவள் வந்தது 1983இல். அந்த வருஷமே ஸ்காட்டோடு கல்யாணம். 1986இல், செத்துப்போனதாக நினைத்த பழைய காதலி ஜீன் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவன் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுகிறான். அந்த வயிற்றெரிச்சல் முற்றித்தான் 1989இல் இன்ஃபெர்னோ கதையில் வெடிக்கிறது.

மணி: கைக்குழந்தையோடு விட்டுவிட்டா போனான்? ஊரையே கொளுத்தலாம், தப்பில்லை. இதில் என்ன செய்தான்?

கார்த்தி: இதில் எங்கேயும் போகவில்லை. முழித்துக்கொண்டு நிற்கிறான்.

மணி: நின்றதற்கேவா இந்த ஆட்டம்?

கார்த்தி: இன்னும் கேளுங்கள். நிஜ ஜீன் மனசோடு மனசாகப் பேசுகிறாள், இவள் தெளிந்துவிடுகிறாள். அதுவும் இதே எபிசோடில்!

மணி: பேய் ஏறி இறங்க அரை மணி நேரமா? பூசாரிக்கு டீ குடிக்கக்கூட நேரமில்லையே.

கார்த்தி: அப்புறம் குழந்தைக்கு வைரஸ். காப்பாற்ற, எதிர்காலத்திலிருந்து வந்த பிஷப்போடு அங்கேயே அனுப்பிவிட்டு, மேடலின் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். ஐந்தாவது எபிசோடில், எக்ஸ்-மென் மாதிரி சக்திக்காரர்கள் வாழும் ஜெனோஷா தீவில் நடக்கிற தாக்குதலில் செத்தும் போகிறாள்! முதல் சீசன் மொத்தமே பத்து எபிசோடுதான், அதனால் அடித்துப்பிடித்து ஓடுகிறார்கள். ஜெனோஷாவை எடுத்த விதத்தில் குறையே சொல்ல முடியாது, எனக்கே கண் கலங்கியது. இவளுக்கு மட்டும் இன்னும் நாலு எபிசோடு கொடுத்திருந்தால் கதறியிருப்பேன். பெரிய மாற்றம் என்றால் ஆற அமரச் செய்ய வேண்டாமா?

மணி: நியாயம்தான்.

கார்த்தி: (கடிகாரத்தைப் பார்த்து) ஐயோ, ஏழு மணிக்கு ரிசப்ஷன்! அண்ணே, அரை மணி நேரத்தில் பேண்ட் தருகிறேன் என்றீர்களே?

மணி: அவசரப்பட்டால் கெட்டுவிடும் தம்பி. 1983இல் கொடுத்தாய், 1989இல் வரும். உட்கார்.