உப்பு பனி ஆகாது

பனிப் பிரதேசத்தில் நடக்கிற ஒரு திகில் குறும்படத்தை நம் செட்டிநாட்டுப் பழைய வீடொன்றில், ஆத்தங்குடிக் கல் (இந்தப் பக்கத்துக் கைவேலைத் தரைக்கல்) பதித்த தரையில் உப்பைக் கொட்டிப் பனியாக்கி எடுத்திருக்கிறார்கள். அதன் மேக்கிங் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், விரிவாகச் சொல்லவில்லை. அதற்குக் கீழே நான் போட்டது இரண்டே வரி. "உப்பு பனி ஆகாது. பத்தியில் கிடக்கும் உப்பை இன்றைக்கே பெருக்கி எடுத்துவிடுங்கள்." அவ்வளவுதான். (பத்தி என்றால் முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம்.) அதற்கு வந்த பதில்களில் கொஞ்சம் மரியாதையானது இது: "காரைக்குடியில உக்காந்துக்கிட்டு பனியைப் பத்திப் பாடம் எடுக்காதீங்க அண்ணே."

சரி. இரண்டு வரி திமிராகத் தெரிந்ததால் விரிவாகவே எழுதுகிறேன்.

பனிப் பிரதேசத்துத் திகில் படத்தில் பனி என்பது வெள்ளை நிறம் இல்லை. முதலில் அது வழியை அடைக்கிறது. ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982) ஏன் அண்டார்டிகாவில் நடக்கிறது? ஓட இடம் கிடையாது. உள்ளே இருப்பவர்களில் யார் மனிதர், யார் மனித உருவத்தில் ஒளிந்திருக்கும் ஜந்து என்று தெரியாது, வெளியே போனால் குளிரே கொன்றுவிடும். அதற்காக கனடாவின் ஸ்டூவர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் கோடையிலேயே முகாமைக் கட்டிவிட்டு, அதன் மேல் நிஜப் பனி பெய்யும் வரை காத்திருந்தார்கள். உட்புறக் காட்சிகளை லாஸ் ஏஞ்சல்ஸில் எடுத்தபோது, வெளியே வெயில் கொளுத்த, அரங்கத்தைக் குளிரூட்டினார்கள். நடிகர் வாயிலிருந்து ஆவி வர வேண்டும், அதற்குத்தான். 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்தில் வெளியே பனியே தேவையில்லை. ஆனாலும் பேய் பிடித்த சிறுமியின் படுக்கையறையை உறைநிலைக்குக் கீழே கொண்டுபோனார்கள். மூச்சு தெரிந்தால்தான் பார்க்கிறவனுக்குக் குளிரும். நம் வீடியோவில் வெள்ளைத் தரையில் நிற்கிற பையனின் நெற்றியில் வியர்வை மின்னுகிறது. எத்தனை மூட்டை கொட்டினாலும் அந்த ஒரு துளி வியர்வை எல்லாவற்றையும் காலி பண்ணிவிடும்.

பனி தடத்தை வைத்துக்கொள்ளும். யார் வந்தது, எங்கே நின்றது, எங்கே தடம் முடிந்தது என்பதெல்லாம் தரையிலேயே எழுதியிருக்கும். ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) படத்தின் கடைசித் துரத்தல் முழுக்க முழுக்கத் தடத்தில்தான் நிற்கிறது. பையன் தன் காலடித் தடத்திலேயே பின்னால் அடியெடுத்து வைத்து அப்பனை ஏமாற்றுகிறான். காய்ந்த உப்பை மெலிதாகக் கொட்டி, அதில் கால் வைத்துப் பாருங்கள். கால் எடுத்ததும் ஓரம் சரிந்து குழி மூடிக்கொள்ளும். தெர்மாகோல் உருண்டை இன்னும் மோசம். நிலைமின்சாரத்தில் பேன்டில் ஒட்டிக்கொள்ளும், ஃபேன் போட்டால் பறக்கும், தடம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இங்கேதான் ஒருவர் பாய்ந்து வந்தார். "குப்ரிக்கே உப்புதானே போட்டாரு?" ஆமாம், போட்டார். டன் கணக்கில் உப்பும் நொறுக்கிய பாலிஸ்டைரீனும் (நம் தெர்மாகோல்தான்) கொட்டி, மேலே எண்ணெய்ப் புகையைப் பரப்பி, விளக்குகளைப் புகைக்குள் கரைய விட்டு எடுத்தார். எல்லாம் லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவின் தளத்தில். அது படப்பிடிப்புக்காகவே கட்டிய தரை. யாருடைய பாட்டன் போட்ட கல்லும் அதன் அடியில் இல்லை. இந்த வித்தியாசம் ஏன் யாருக்கும் உறைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

"பட்ஜெட் இல்லை, சின்னப் பசங்க" என்கிறார்கள். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உப்பு மலிவு என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மலிவான வழி இது. முதலில் தார்ப்பாய். அதன் மேல் பழைய போர்வை, மெத்தை விரிப்பு என்று மூன்று நான்கு அடுக்கு. கால் புதைய வேண்டிய இடத்தில் மட்டும் பஞ்சு மெத்தை. எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளைத் துணி, துணியின் மேல் பொடியாக அரைத்த வெள்ளைக் காகிதத் தூள். செடிக்கு மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரால் லேசாக ஈரம் காட்டினால் தூள் பிடித்துக்கொள்ளும், மெத்தை உள்ள இடத்தில் தடம் நிற்கும். ஈரம் அதிகமானால் கூழாகிவிடும், காய்ந்தால் அப்பிக்கொள்ளும், ஆகவே ஷாட் முடிந்த கையோடு சுருட்டி எடுத்துவிட வேண்டும். ஓரத்தை நேர்க்கோடாக விடவே கூடாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, தூணடியில் ஒரு பக்கம் மட்டும் குவித்து, மறுபக்கம் மெலிதாக விட வேண்டும்.

வெளிச்சமும் அப்படித்தான். பனித்தரை கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் திருப்பும், கண்ணுக்குக் கீழே நிழல் குறையும். நம் சிவப்புக் கல் அதைச் செய்யாது. ஃபிரேமுக்கு வெளியே, நடிகரின் காலடியில் வெள்ளைத் தெர்மாகோல் பலகை வையுங்கள், அங்கேதான் தெர்மாகோலுக்கு வேலை. கேமரா மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்ச அளவை, ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். வீடியோவில் தரை சாயம்போன வேட்டி மாதிரித் தெரிகிறதே, இதனால்தான்.

எனக்கு அதிகம் வலித்தது சத்தம். புதுப் பனி காற்றுத் துளைகள் நிறைந்தது, சத்தத்தை உறிஞ்சிவிடும். எதிரொலி செத்துப்போகும். பக்கத்தில் வந்து நிற்கிற வரை தெரியாது, பனிப் படங்களின் பாதி பயம் அந்தச் செவிட்டு அமைதிதான். செட்டிநாட்டு வளவு, அதாவது வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய பத்தியும், நேர் எதிர். ஒரு டம்ளர் விழுந்தால் பின்னால் உள்ள இரண்டாங்கட்டு வரை கேட்கும். அந்த எதிரொலியோடு பதிவு செய்துவிட்டு மேலே காற்றுச் சத்தம் ஒட்டினால் குகைக்குள் நடக்கிற மாதிரிதான் இருக்கும். பத்தியைச் சுற்றிக் கனமான போர்வைகளைத் தொங்கவிட்டுப் பேச்சைப் பதியுங்கள். காலடிக்குத் தோல் பையில் சோள மாவைக் கட்டி, மைக்குக்குப் பக்கத்தில் வைத்து அழுத்துங்கள், உலகம் முழுக்கச் செய்வது அதுதான். ஹாலிவுட்டில் ஒரு காலத்தில் வெள்ளைச் சாயமடித்த கார்ன்ஃபிளேக்ஸைப் பனியாகப் போட்டார்கள். நடந்தால் நொறுங்குகிற சத்தத்தில் வசனம் கேட்காமல் டப்பிங் பேச வேண்டியிருந்தது. அதனால்தான் 1946இல் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்துக்குத் தீயணைப்பு நுரையும் சோப்பும் தண்ணீரும் கலந்து சத்தமில்லாத பனியைக் கண்டுபிடித்தார்கள். அது பேய்ப்படம் இல்லை. ஆனாலும் சத்தத்துக்காக இவ்வளவு மெனக்கெட்டார்கள்.

"நீங்க நிஜப் பனியைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டவருக்கு. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்கிற ஊர் இது. நம் பனி இரவில் இறங்கி வெயிலில் போய்விடும். பெய்து, குவிந்து, கதவை அடைக்கிற பனி வேறு. அந்த வேறுபாடு தெரிந்தவன்தான் அதை உருவாக்க முடியும். 'லெட் த ரைட் ஒன் இன்' (2008) என்ற சுவீடன் திகில் படத்தின் கதை ஸ்டாக்ஹோமின் புறநகரான பிளாக்கெபெரியில் நடக்கிறது. சுவீடன்காரர்கள்தான், அவர்களும் பனி வேண்டி வடக்கே லுலேயோ வரை போய்ப் பெரும்பகுதியை எடுத்தார்கள். பனி நாட்டுக்காரனே பனியைத் தேடிப் போகிறான்.

இப்போது அந்த வீட்டுக்கு வருகிறேன். வளவில் வானம் தெரிகிற முற்றம் கருங்கல். பனி பெய்தால் அங்கேதான் விழும். சுற்றியுள்ள பத்தி கூரைக்கு அடியில் இருக்கிறது, அங்கே ஓரத்தில் தூவல் விழுமே தவிர குவியாது. படம் எடுத்தவர்களே, நீங்கள் முற்றத்தில் தூவிவிட்டு, பத்தி முழுக்கக் கொட்டினீர்கள். பத்தியில்தான் ஆத்தங்குடிக் கல் இருக்கிறது. பனி விழவே முடியாத இடத்தில், உப்பு படவே கூடாத கல்லின் மேல்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டுச் செய்வது. மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது. கால் பட்டுப் பட்டு, தேங்காயெண்ணெய்த் துணி பட்டுப் பட்டு வந்த மினுமினுப்பு அது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கரையும், கரைந்தது கல்லுக்குள் இறங்கும், காயும்போது உள்ளேயே மறுபடி கட்டியாகி மேல்தோலைத் தள்ளும். வீடியோவின் கடைசியில், அந்த வீட்டு ஆச்சி முந்தானையால் ஒரு கல்லைத் துடைக்கிறாரே, கவனித்தீர்களா? பச்சைப் பூவின் நடுவில் விரல் அகலத்துக்கு வெள்ளை பூத்திருக்கிறது. அவர் துடைக்கத் துடைக்க அது போகவில்லை. அவருக்குப் பின்னால் உங்கள் ஆட்கள் அடுத்த ஷாட்டுக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் இரண்டு வரி எழுதியது படத்துக்காக மட்டுமில்லை, இதைப் பார்த்துத்தான்.

"வாடகை கொடுத்தோம்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கொடுத்தீர்கள். அந்தப் பழைய கல்லின் அதே நிறத்தை இன்று ஆத்தங்குடியிலேயே ஊற்றிக் கொடுத்தாலும் பக்கத்துக் கல்லோடு சேராது.

யாராவது அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் ஆச்சியிடம் சொல்லுங்கள். வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், கழுவினால் உப்பு இன்னும் உள்ளே போகும். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் பெருக்கி எடுக்க வேண்டும், இடுக்குகளில் வேக்குவம் கிளீனர். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பருத்தித் துணியைக் கல்லின் மேல் விரித்து, அது காயும் வரை விட வேண்டும். காயும்போது உப்பைத் துணி இழுத்துக்கொள்ளும். துணியை அலசிவிட்டு மறுபடி, பூப்பது நிற்கும் வரை. ஆசிட் வேண்டவே வேண்டாம், சிமெண்டைத் தின்றுவிடும். கல் முழுதாகக் காயும் வரை எண்ணெயும் தொடக் கூடாது. துணி வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன்.