வெள்ளை நுனி மட்டும் போதாது
"வெட்டவெளிப் பாறையில் வளரும் பாசியின் இலை நுனி வெள்ளையாக இருந்தால் அது கிரிம்மியா" என்று, பாறைப் பாசிகளை அடையாளம் காண்பது பற்றிய இந்தக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஹெட்விஜியா சிலியாட்டா என்ற இன்னொரு பாறைப் பாசிக்கும் வெள்ளை நுனிதான்; காய்ந்தால் அதுவும் சாம்பல் பூத்துத்தான் கிடக்கும். பிரித்துக் காட்டுவது இலையின் நடுநரம்பு: கிரிம்மியாவுக்கு உண்டு, ஹெட்விஜியாவுக்கு அறவே கிடையாது. ஒரு தண்டை நனைத்து ஓரிரு நிமிடம் விடுங்கள். இலை விரிந்ததும், தண்டின் நடுப்பகுதியில் உள்ள ஓர் இலையை இடுக்கியால் பிடித்து அடிப்பக்கமாக இழுத்தால் முழு இலையும் கழன்று வரும். மேல்நோக்கி இழுத்தால் அடிப்பகுதி தண்டிலேயே தங்கிவிடும். முழுதாகக் கழன்ற இலையைத் தட்டையாக விரித்து, 20 மடங்கு லென்ஸில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். குழிந்த இலையின் மடிப்பு நரம்பு போலவே தெரியும், பலரும் சறுக்குவது இங்கேதான். சந்தேகமாக இருந்தால் மேலும் நாலைந்து இலைகளைப் பாருங்கள். மேலே கருத்திட்ட ஒருவர் "வித்துப்பை (வித்துகள் அடங்கிய சிறு பை) இலைகளுக்குள் புதைந்திருந்தாலே ஹெட்விஜியா" என்கிறார். பாதிதான் சரி. ஷிஸ்டிடியம் என்ற மற்றொரு பாசியிலும் அப்படித்தான் புதைந்திருக்கும், ஆனால் பையின் மூடி கழன்றபின் வாயோரத்தில் பெரும்பாலும் சிவந்த பற்கள் தெரியும். ஹெட்விஜியாவின் வாய் பொக்கை. போதாக்குறைக்கு, கிரிம்மியா புல்வினாட்டா என்ற கிரிம்மியா இனத்தில் வித்துப்பையைத் தாங்கும் காம்பு ஈரத்தில் அன்னத்தின் கழுத்துபோல் வளைந்து பையை மெத்தை போன்ற பாசித் திரளுக்குள் கவிழ்த்துவிடும். காய்ந்தால் நிமிரும். ஆகவே இலையை நனைத்துப் பாருங்கள், வித்துப்பையைக் காய்ந்த நிலையிலும் ஒருமுறை பாருங்கள்.