வயோமிங் ப்ராங்ஹார்ன் வேட்டை: முதலில் நிலத்தைத் தேடுங்கள், டேக்கை அப்புறம் பார்க்கலாம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டேக் எனப்படும் வேட்டை உரிமத்துக்கான டிரா (குலுக்கல்) முடிவு ஜூன் நடுவில் வந்ததும் "டேக் கிடைச்சிருச்சு, இப்ப எங்க போறது?" என்று கேட்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை பிப்ரவரியிலேயே கேட்டிருக்க வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து போய், கைடு வைக்காமல், பொது நிலத்தில் ப்ராங்ஹார்ன் (மான் போன்ற புல்வெளி விலங்கு) வேட்டையாட நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் நிலம், அடுத்து டேக், துப்பாக்கி கடைசியில். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, அக்டோபரில் முள்வேலிக்கு வெளியே நின்று உள்ளே மேயும் மந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிமானைத் தொட்டாலே சிறை. அமெரிக்காவில் ப்ராங்ஹார்னுக்கு நடைமுறை வேறு. ஒவ்வொரு வேட்டை ஏரியாவிலும் எத்தனை விலங்குகளை எடுக்கலாம் என்று மாநில வனவிலங்குத் துறை வருடாவருடம் கணக்குப் போட்டு, அத்தனை உரிமங்களை மட்டும் குலுக்கலில் கொடுக்கிறது. உரிமக் கட்டணமும், 1937 சட்டப்படி ஒதுக்கப்படும், துப்பாக்கி, தோட்டா மீதான மத்திய வரியும்தான் அந்த விலங்கின் பராமரிப்புக்குப் போகிற பணத்தில் பெரும்பகுதி. இது பிடிக்காதவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம். பிடித்தவர்கள் சரியாகச் செய்ய வேண்டும்.

வயோமிங்கில் டேக் சுலபமாகக் கிடைக்கும் ஏரியாக்கள் உண்டு. குலுக்கலில் முன்னுரிமை தரும் பிரிஃபரன்ஸ் பாயின்ட் ஒன்றுகூட இல்லாமலே விழும். பட்டியலைப் பார்த்தால் வெற்றி விகிதமும் பிரமாதமாக இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். அந்த ஏரியாக்களில் பல மாநிலத்தின் கிழக்குப் பாதியில் இருக்கின்றன; அங்கே நிலம் பெரும்பாலும் பண்ணைக்காரர்களுடையது. வெற்றி விகிதத்தில் பண்ணைக்காரரின் உறவினர், பணம் கட்டி உள்ளே போனவர், பொது நிலத்தில் நடந்தவர் எல்லோரும் ஒரே கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள். உங்களுக்குப் பொருந்தும் எண் அதில் தனியாக இல்லை. பொது நுழைவு கடினம் என்று துறையே தன் வெளியீடுகளில் சில ஏரியாக்களைக் குறித்து எச்சரிக்கிறது. அதைப் படிக்காமல் விண்ணப்பிக்கிறவர்களே அதிகம்.

ஏரியாவை எடைபோட நிலவரைபடத்தைத் திறந்து நிறங்களைப் பாருங்கள். மத்திய நில மேலாண்மைத் துறையான பிஎல்எம் நிலம் மஞ்சள், மாநில அறக்கட்டளை நிலம் நீலம், தேசிய வனம் பச்சை, தனியார் வெள்ளை. ஓன்எக்ஸ் போன்ற செயலிகளிலும் ஏறக்குறைய இதே நிறங்கள்தான். மஞ்சள் எவ்வளவு இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. அந்த மஞ்சளைப் பொதுச்சாலை தொடுகிறதா என்பதை முதலில் பாருங்கள். கவுன்டி சாலை என்றால் நிம்மதி. சேஜ்பிரஷ் புதருக்குள் போகும் இரட்டைத் தடம், நடுவில் அரை மைல் தனியார் நிலத்தைக் கடந்தால், அனுமதி இல்லாமல் அது உங்களுக்குப் பாதை கிடையாது. வேலியில் அறிவிப்புப் பலகை இல்லை என்பதும் சாக்காகாது. எந்த நிலத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துவைத்திருப்பது வேட்டைக்காரரின் பொறுப்பு.

தெற்கு வயோமிங்கில் இன்னொரு சிக்கல். 1862 ரயில்வே சட்டமும் 1864 திருத்தமும் யூனியன் பசிபிக் பாதையின் இருபுறமும் இருபது மைல் அகலத்துக்கு ஒன்று விட்டு ஒன்றாக ஒரு சதுர மைல் கட்டங்களை ரயில் நிறுவனத்துக்குக் கொடுத்தன. இன்றுவரை அங்கே நிலம் சதுரங்கப் பலகை மாதிரியே கிடக்கிறது. ஒவ்வொரு கட்டமும் 640 ஏக்கர். ஒரு பொதுக் கட்டத்திலிருந்து அடுத்த பொதுக் கட்டத்துக்கு மூலை வழியாகத்தான் போக முடியும். 2021இல் எல்க் மவுன்டனில் மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் அப்படித் தாண்டியதற்காக வழக்கைச் சந்தித்தார்கள். 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிலச் சொந்தக்காரரின் மனுவை எடுக்க மறுத்துவிட்டது. ஆக, தனியார் தரையில் கால் படாமல், எதையும் சேதப்படுத்தாமல் மூலை தாண்டுவது வயோமிங்கில் இப்போது சரி. மொன்டானா பத்தாவது வட்டார நீதிமன்றத்தின் எல்லைக்குள் வராது. இதே தைரியத்தை அங்கே காட்டாதீர்கள்.

தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காகப் போனை மட்டும் நம்பி மூலை தாண்டுவதும் தவறு. போனின் ஜிபிஎஸ் நான்கைந்து மீட்டர் சாதாரணமாகப் பிசகும், மூலையோ ஒரு புள்ளி. நில அளவையர்கள் நட்ட குழாயும், அதன் தலையில் கட்ட எண்கள் பொறித்த பித்தளை மூடியும் பல மூலைகளில் இருக்கும். அதைக் கண்ணால் பார்த்து, மேலே காலைத் தூக்கி வைத்துத் தாண்டுங்கள். மூடி தென்படாத மூலையை விட்டுவிடுங்கள்.

தனியார் நிலத்திலும் வழி அடியோடு இல்லாமல் இல்லை. துறை பண்ணைக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டுத் திறந்துவிடும் வாக்-இன் ஏரியாக்களும், அனுமதிச் சீட்டு வாங்கிப் போகும் ஹன்டர் மேனேஜ்மென்ட் ஏரியாக்களும் உண்டு. விதிகளும் தேதிகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு. மாநில அறக்கட்டளை நிலத்தில் வேட்டையாடலாம். இரவு தங்கக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது, தடத்தை விட்டு வண்டி ஓட்டக் கூடாது. கூடாரம் போட பிஎல்எம் நிலம்தான் சௌகரியம்.

நிலம் முடிவானதும் குளிர்காலத்தைப் பாருங்கள். 2022-23 குளிர்காலம் மேற்கு வயோமிங்கில் சப்லெட் மந்தைக்குப் பேரிழப்பைக் கொடுத்தது. உறைபனி மேய்ச்சலை மூடிவிட்டது, கூடவே நுரையீரல் தொற்றும் சேர்ந்துகொண்டது. டேக் எண்ணிக்கையைத் துறை கடுமையாகக் குறைத்தது. இரண்டு வருடம் பழைய டிரா கணக்கை வைத்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. துறையின் அந்தப் பகுதி உயிரியலாளருக்கு மார்ச், ஏப்ரலில் ஒரு போன் போடுங்கள். மந்தை எப்படி இருக்கிறது, பொது நிலத்தில் எங்கே கூட்டம் குறைவு என்று கேட்டால் பெரும்பாலும் பொறுமையாகவே சொல்வார்கள். "நல்ல கிடா எங்கே நிற்கும்" என்று கேட்காதீர்கள், அது அவர்கள் வேலை இல்லை.

விண்ணப்பக் கடைசி நாள் ஜூன் தொடக்கம். வெளிமாநிலத்தவருக்குச் சாதாரண உரிமம் 326 டாலர், விண்ணப்பக் கட்டணம் 15. முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்ட வேண்டும், விழாவிட்டால் உரிமப் பணம் திரும்பும். 'ஸ்பெஷல்' என்று 1,200 டாலரில் இன்னொரு வரிசை இருக்கிறது. உரிமம் அதேதான், போட்டி மட்டும் வேறு. சில ஏரியாக்களில் அந்த வரிசையிலும் வாய்ப்பு பெரிதாகக் கூடுவதில்லை என்பதால் முந்தைய வருட எண்களைப் பார்க்காமல் அந்தப் பணத்தைக் கட்டுவது வீண் என்பேன். வெளிமாநில டேக்குகளில் 75 சதவீதம் பாயின்ட் அதிகம் உள்ளவர்களுக்கு, மீதி 25 சதவீதம் குலுக்கலுக்கு. நண்பர்கள் ஆறு பேர்வரை ஒரே குழுவாகப் போடலாம். பாயின்ட் சராசரியாகும் என்பதால் பாயின்ட் இல்லாத ஒருவர் மற்றவர்களையும் கீழே இழுப்பார். பெட்டை, குட்டிக்கான டேக் 34 டாலர்தான். இறைச்சிக்காகப் போகிறவர்களுக்கு அருமையான டேக். ஆனால் நிபந்தனைப் பத்தியைப் படியுங்கள்: "தனியார் நிலத்தில் மட்டும் செல்லும்" என்று பலவற்றில் இருக்கும்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. நண்பரின் ரைஃபிளை ஒரு நாள் வாங்கிப் பிடிப்பதும் 'வைத்திருப்பது'தான். எனவே உரிமம் வருவதற்கு முன்னால் பயிற்சிக்குக்கூடத் தொடாதீர்கள். குடியேற்றச் சட்ட வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. 1966 ஜனவரி 1 அல்லது அதன் பிறகு பிறந்தவர்களுக்கு ஹன்டர் எஜுகேஷன் (வேட்டைப் பயிற்சி) சான்றிதழும் கட்டாயம். வசந்தத்திலேயே முடித்துவையுங்கள்.

ரைஃபிளில் விவாதமே தேவையில்லை. .243, 6.5 கிரீட்மோர், .270 என்ற தோட்டா வகைகளில் எதுவும் போதும். 200 கஜத்தில் ஜீரோ செய்து (குண்டு குறியிலேயே விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து), உட்கார்ந்த நிலையில் ஷூட்டிங் ஸ்டிக்கில் வைத்து 300 கஜம்வரை சுட்டுப் பழகுங்கள். படுத்துச் சுடும் குட்டை பைபாட் (இருகால் தாங்கி) இங்கே உதவாது, சேஜ்பிரஷ் பார்வையை மறைத்துவிடும். வயோமிங்கில் குண்டைக் கெடுப்பது தூரத்தைவிடக் காற்றுதான். மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்றில் .243இன் 100 கிரெய்ன் எடைக் குண்டு 300 கஜத்தில் ஏழெட்டு அங்குலம் விலகும். ப்ராங்ஹார்னின் உயிர்நிலைப் பகுதியே எட்டு அங்குலம் அளவுதான். ஆகவே நெஞ்சைக் குறிவைத்த குண்டு குடலில் போய் விழும். அங்கே பத்து மைல் காற்று என்றால் அமைதியான நாள். ஐந்நூறு, அறுநூறு கஜத்தில் சுட்டதாகப் பெருமையடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த விலங்கு ஓடிப் போய் எங்கேயோ சாகிறது. இன்னும் நூறு கஜம் ஊர்ந்து போவதற்குத்தான் முழங்கால் பட்டையும் தோல் கையுறையும், தரையெல்லாம் சப்பாத்திக்கள்ளி.

களத்தில் வண்டியிலேயே சுற்றிச் சுற்றி மந்தையைத் துரத்துவது பெரும்பாலானோர் பழக்கம். முதல் வார இறுதிக்குள் சாலையோர மந்தைகள் எல்லாம் வண்டிச் சத்தத்துக்கே ஓடப் பழகிவிடும். சாலையிலிருந்து ஒரு மைல் நடந்தால் ஆளும் இல்லை, விலங்கும் நிதானமாக இருக்கும். மேட்டில் உட்கார்ந்து பைனாகுலரில் ஒரு மணி நேரம் தேடுங்கள். கண்டதும் கிளம்பிவிடாமல், நடுவில் உள்ள ஓடைப் பள்ளங்களை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். தட்டையாகத் தெரியும் நிலத்தில் மறைய இடம் நிறைய உண்டு. ப்ராங்ஹார்ன் வேலியைப் பெரும்பாலும் தாண்டாது, அடிக்கம்பிக்குக் கீழே நுழைந்துதான் போகும். வேலியோரம் நடந்து பார்த்தால் சில இடங்களில் கம்பிக்கு அடியில் மண் வழித்துவிட்டதுபோல் குழிந்திருக்கும், அடிக்கம்பி முள்ளில் வெள்ளை மயிர்க்கற்றை சிக்கியிருக்கும். அந்த மயிர் புதிதாக இருந்தால், காற்று அங்கிருந்து உங்களை நோக்கி வீசும் பக்கத்தில் 150 கஜம் தள்ளி உட்கார்ந்திருப்பது, நாள் முழுக்க அலைவதைவிட மேல். வேலியின் இரண்டு பக்கமும் யாருடையது என்பதை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கிடாவுக்குத் தாடையில் கறுப்புத் திட்டு இருக்கும். சில பெட்டைகளுக்கும் சின்னக் கொம்பு உண்டு என்பதால் கொம்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சுடும் முன் பின்னால் இன்னொன்று நிற்கிறதா என்று பாருங்கள். மந்தையில் குண்டு ஒன்றைத் துளைத்து அடுத்ததிலும் பாயும், உங்களிடம் இருப்பதோ ஒரு டேக். கொம்பு அளவைப் பற்றி எழுத எனக்கு ஆர்வமில்லை.

விழுந்ததும் உரிமத்திலுள்ள டேக் சீட்டைப் பிரித்துத் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு உடலில் கட்டுங்கள். பாலின அடையாளத்தை இறைச்சியோடு விட்டுவையுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ப்ராங்ஹார்ன் கறி நாறும் என்று ஊரெல்லாம் பேச்சு. சேஜ்பிரஷ் தின்பதால் என்று காரணமும் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. செப்டம்பரில் 28 டிகிரி வெயில் அடிக்கும். அதன் மயிர் உள்ளே காற்று நிறைந்த குழாய், சூட்டை வெளியே விடாது. தோலோடு வண்டியின் பின்னால் போட்டு இரண்டு மணி நேரம் படமெடுத்துக்கொண்டு திரிந்தால் எந்தக் கறியும் நாறத்தான் செய்யும். உடனே தோலை உரியுங்கள். மயிர் தொட்டாலே உதிரும், கறியில் ஒட்டினால் வாடை பிடிக்கும். எனவே தோலை உள்பக்கமிருந்து வெளிநோக்கிக் கீறுங்கள், மயிரைத் தொட்ட கையால் கறியைத் தொடாதீர்கள். முன் சந்து, தொடை, முதுகுக் கறி மூன்றையும் எடுத்தாக வேண்டும். விட்டுவிட்டு வருவது குற்றம். எலும்பு நீக்கினால் 15 முதல் 20 கிலோ தேறும், ஒரே முதுகுச்சுமை. துணிப்பையில் போட்டு நிழலில் காற்றாட விட்டு, வண்டிக்கு வந்ததும் ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். வீட்டிலிருந்தே பெரிய கேன்களில் தண்ணீரை உறைய வைத்து எடுத்துப் போனால் ஐந்து நாள் தாங்கும். உடைத்த ஐஸ் என்றால் வடிகால் மூடியைத் திறந்தே வையுங்கள், கறி தண்ணீரில் ஊறக் கூடாது. கொழுப்பே இல்லாத கறி இது. முதுகுக் கறியை மிளகு போட்டுச் சட்டியில் வேகமாகப் புரட்டி எடுங்கள். அதிகம் வெந்தால் இறுகிவிடும். குழம்புக்கு முன் சந்துதான் சரி.

வண்டிக்கு இரண்டு ஸ்பேர் டயர், ஒரு மண்வெட்டி, நிறைய பெட்ரோல். மழை பெய்தால் அந்த ஊர்க் களிமண் சாலையில் சக்கரம் நகராது. காயும்வரை அல்லது இரவில் உறையும்வரை காத்திருங்கள். ஈரத்தில் ஓட்டிச் சாலையைக் கிழித்தால் அடுத்து வருகிறவருக்கும் பாதை போகும்.

சீசன் முடிந்ததும் துறையிடமிருந்து கணக்கெடுப்புக் கேள்வித்தாள் வரும். சுட்டாலும் சுடாவிட்டாலும், எத்தனை நாள் போனீர்கள் என்று உள்ளதை உள்ளபடி நிரப்பி அனுப்புங்கள். அடுத்த வருடம் அந்த ஏரியாவில் எத்தனை டேக் என்று முடிவு செய்யும்போது அதையும் பார்க்கிறார்கள்.