குழந்தை வெற்றுப் பலகை என்றாரா லாக்?

"குழந்தைக்கு இயல்பு என்று ஒன்றே கிடையாது, அது வெற்றுப் பலகை, பெற்றோர் எழுதுவதுதான் எல்லாம் என்றார் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி பாதிதான் சரி.

1690ஆம் ஆண்டு தேதியிட்ட நூலில் லாக் மறுத்தது பிறவியிலேயே வரும் *கருத்துகளை*. அங்கே மனத்தை எழுத்தற்ற வெள்ளைத்தாளுக்கு ஒப்பிட்டார். பலகை என்பது பிறகு ஒட்டிக்கொண்ட பெயர். ஆனால் பிறவிக் குணத்தை அவர் மறுக்கவில்லை. நண்பர் எட்வர்ட் கிளார்க்குக்குப் பிள்ளை வளர்ப்பு பற்றி எழுதிய கடிதங்களிலிருந்து 1693இல் உருவான நூலில், மனிதரின் உள்ளத்தில் கடவுள் சில குணங்களைப் பதித்திருக்கிறார், அவற்றைச் சற்றுத் திருத்தலாம், முற்றிலும் மாற்றுவது அரிது என்கிறார். அதனால்தான் ஒவ்வொரு பிள்ளையின் போக்கையும் கவனிக்கச் சொன்னார். பிரம்படியையும் பெரும்பாலும் எதிர்த்தார்.

வதந்திக்கு இடம் கொடுத்தவரும் அவரேதான். பத்தில் ஒன்பது பங்கு மனிதர்களை ஆக்குவது கல்வியே என்றும் அதே நூலில் எழுதியிருக்கிறார். பகிர்பவர்கள் மீதி ஒரு பங்கை விட்டுவிடுகிறார்கள்.

கவிஞர் வில்லியம் பிளேக்குக்கு அந்த ஒன்பது பங்கே பொறுக்கவில்லை. ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸின் சொற்பொழிவு நூலின் ஓரத்தில் கோபமாகக் கிறுக்கினார்: மனிதன் ஏற்கெனவே நட்டு விதைத்த தோட்டமாகப் பிறக்கிறான், ஒரு விதையைக்கூட உண்டாக்க இந்த உலகத்துக்கு வக்கில்லை.