எட்டு வருடம், ஒரே ஒரு ஆட்டம்

பிலிப்பைன்ஸ் ஆண்கள் கால்பந்து அணிக்கு யார் பயிற்சியாளர் என்று கேட்டால், எந்த வருடத்தைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். 2010இல் இங்கிலாந்திலிருந்து வந்த சைமன் மெக்மெனமி. அவருக்கு அடுத்து ஜெர்மனியின் மிக்கேல் வைஸ். 2014இல் அமெரிக்காவின் தாமஸ் டூலி. 2018இல் டெரி புட்சர் வந்தார். ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை, அதற்குள் மூட்டையைக் கட்டிவிட்டார். அதே வருடக் கடைசியில் ஸ்வென் யோரான் எரிக்சன். பிற்பாடு வைஸே திரும்ப வந்தார், போனார். பெல்ஜியத்துக்காரர் ஒருவர், ஸ்பெயின்காரர்கள் இரண்டு பேர் என்று வரிசை நீள்கிறது. பெண்கள் அணிக்கு ஆஸ்திரேலியர்கள்.

இவர்களில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. அந்த ஆஸ்திரேலியர்களில் ஒருவரான ஸ்டாய்சிச் பெண்கள் அணியை உலகக் கோப்பைக்கே கூட்டிக்கொண்டு போனவர். ஆனால் அடுத்த பத்து வருடத்துக்குள் அந்த நாட்டு ஜெர்சி போட்டு ஆடிய ஒருவர் அந்த இடத்துக்கு வர வேண்டும், அதுவும் அவர் ஒரு கோல்கீப்பராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. என் மனதில் இருப்பவர் பிலிப்பைன்ஸ் கீப்பர் நீல் எதரிட்ஜ்.

ஏன் கீப்பர்? பள்ளியில் ஓட முடியாதவனைத்தான் பிடித்து கீப்பராக நிறுத்துவார்கள். என்னையும் அப்படித்தான் நிறுத்தினார்கள். பந்து நம் பக்கம் வராத நேரத்தில் வேறு வேலையே கிடையாது, மற்ற இருபத்தொரு பேரையும் வேடிக்கை பார்ப்பதுதான். நம் லெஃப்ட் பேக் எப்போது மூச்சு வாங்குகிறான், எதிரணியில் எவன் தன் ஆளை விட்டுவிட்டு நிற்கிறான் என்பதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும். அதைக் கத்திச் சொல்லவும் வேண்டும். சொல்லாமல் விட்டால் பழி நம் தலையில்தான் விழும்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டாவது கீப்பரின் கதை இன்னும் மேல். 2004இல் போர்ச்சுகலின் போர்ட்டோ அணி சாம்பியன்ஸ் லீக் வென்றபோது நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ அங்கே விட்டோர் பாயாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். ஆடியதைவிடப் பார்த்தது அதிகம். பின்னாளில் பயிற்சியாளராக உல்வ்ஸ் அணியை இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர் அவர்தான். ஸ்பெயின் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த லோபெடேகியும் கீப்பர். இன்னொரு கீப்பரான டினோ சாஃப் பயிற்சியாளராக இத்தாலியை 2000 யூரோ இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். கீப்பருக்குத் தாக்குதல் ஆட்டம் புரியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில்தான் இருக்கிறது: வாழ்நாள் முழுக்க அதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவன் அவன்.

சரி, நீல் எதரிட்ஜுக்கு வருகிறேன். 1990இல் லண்டனில் பிறந்தவர். அப்பா ஆங்கிலேயர், அம்மா பிலிப்பினோ. செல்சி அகாடமியில் இருந்துவிட்டு 2006இல் ஃபுல்ஹாம் போனார். 2014 வரை அங்கே இருந்தார். அந்த எட்டு வருடத்தில் ஃபுல்ஹாம் முதல் அணிக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் எத்தனை தெரியுமா? ஒன்று. 2011 டிசம்பரில் யூரோப்பா லீக்கில் டென்மார்க்கின் ஒடென்ஸ அணிக்கு எதிராக. வென்றால் அடுத்த சுற்று. கடைசி நேரத்தில் கோல் வாங்கி 2-2 ஆனது, ஃபுல்ஹாம் வெளியே. மற்றபடி பெஞ்ச், ரிசர்வ் ஆட்டம், கீழ்மட்ட அணிகளுக்கு லோனில் போய் வருவது. முதல் கீப்பர் மார்க் ஷ்வார்சர் அசைவதாக இல்லை.

2014இல் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவருக்குச் சில மாதம் எந்த அணியும் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்று யோசித்த காலம் அது. ஓல்டமில் ஒரு குறுகிய கால ஒப்பந்தம் கிடைத்தது, அப்புறம் சார்ல்டன், பிறகு மூன்றாம் நிலை லீக்கில் வால்சால். அங்கேதான் முதன்முதலாக வாராவாரம் ஆடினார். 2017இல் கார்டிஃப். 2018இல் கார்டிஃப் பிரீமியர் லீக்குக்கு ஏறியது.

ஆகஸ்ட் 11, 2018. போர்ன்மவுத்துக்கு எதிராக அவருடைய முதல் பிரீமியர் லீக் ஆட்டம். கேலம் வில்சனின் பெனால்டியைத் தடுத்தார், ஆனால் அணி 2-0 என்று தோற்றது. அடுத்த வாரம் நியூகாசில். ஆட்டம் 0-0, இஞ்சுரி டைம், கெனெடி பெனால்டி அடிக்கிறார். அதையும் பிடித்தார். டிசம்பரில் லெஸ்டரின் மாடிசன் அடித்ததையும். பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் தென்கிழக்கு ஆசியர் என்று உலகமே எழுதியது. சந்தோஷம்தான். ஆனால் எனக்கு அந்த மூன்று பெனால்டிகளைவிட அந்த எட்டு வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பெஞ்சில் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தால், அவனிடம் போய்ப் பேசத் தகுதி உள்ள ஆள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? டிரெஸ்ஸிங் ரூமில் இது பெரிய சொத்து. எந்தப் பயிற்சியாளர் லைசென்ஸ் வகுப்பிலும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள்.

தேசிய அணிக்கு அவர் 2008இலேயே வந்துவிட்டார். தென்கிழக்கு ஆசிய நாடுகள் மோதும் 2010 சுசுகி கோப்பையில் அதுவரைக்கும் யாரும் கண்டுகொள்ளாத பிலிப்பைன்ஸ், நடப்புச் சாம்பியனான வியட்நாமை ஹனோயிலேயே வைத்து 2-0 என்று அடித்தது. கோல் அடித்த கிரேட்விச்சும் ஃபில் யங்ஹஸ்பண்டும் பேர் வாங்கினார்கள். பின்னால் நின்று ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தவர் எதரிட்ஜ். அரையிறுதி இந்தோனேசியாவோடு. சொந்த ஊரில் தரமான மைதானம் இல்லை என்பதால் இரண்டு ஆட்டமும் ஜகார்த்தாவிலேயே! அந்த நேரம் பார்த்து ஃபுல்ஹாம் எதரிட்ஜைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பெஞ்சில் உட்கார வைக்கத்தான்.

அவருக்குப் பதிலாக நின்றவர் எட் சகபான்யோ, பிலிப்பைன்ஸ் ராணுவ அணியின் கீப்பர். ஐரோப்பிய அகாடமிகளிலிருந்து வந்தவர்கள் பெருகுவதற்கு முன்பு அந்த நாட்டுத் தேசிய அணியின் பெரும்பகுதி ராணுவம், கடற்படை, விமானப்படை ஆட்கள்தான். சம்பளம் அங்கே, கால்பந்து அதோடு ஒட்டிக்கொண்டது. ஜகார்த்தாவின் கெலோரா புங் கர்னோ மைதானத்தில் நிரம்பி வழிந்த கூட்டத்துக்கு நடுவே மூன்று நாள் இடைவெளியில் இரண்டு ஆட்டம் நின்றார். 0-1, 0-1. இரண்டு கோலும் கிறிஸ்டியன் கொன்சாலெஸ் அடித்தது. தோல்விதான். ஆனால் கால்பந்துக்குக் கூட்டமே வராத நாட்டில் அதன்பிறகு மைதானம் நிரம்பியது. கூடைப்பந்தை மதமாகவே கொண்டாடும் நாடு அது. சந்துக்குச் சந்து ஒரு வளையம் தொங்கும். (அப்படிப்பட்ட ஊரில் கால்பந்துக்கு வருகிற பையன் கையால் பந்து பிடிக்கிற வேலையை எடுத்துக்கொள்வது இயல்பு என்று விளையாட்டாகச் சொல்வேன். நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.)

பெண்கள் பக்கம் பார்த்தாலும் முக்கியமான கட்டத்தில் கீப்பர்தான் நிற்கிறார். 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பைக் காலிறுதி, சீன தைபேயோடு 1-1, பெனால்டி ஷூட்அவுட். ஒலிவியா மெக்டானியல் தடுத்ததோடு விடாமல் தானே ஒரு பெனால்டியும் அடித்து கோல் போட்டார். அந்த வெற்றிதான் உலகக் கோப்பைக்குக் கதவு திறந்தது. 2023 ஜூலையில் வெலிங்டனில் நியூசிலாந்தை 1-0 என்று வென்றபோது சரினா போல்டனின் தலை கோலைத்தான் எல்லோரும் பகிர்ந்தார்கள். இஞ்சுரி டைமில் கிரேஸ் ஜேல் அடித்ததை மெக்டானியல் தட்டிவிடாமல் இருந்திருந்தால் அந்தக் கோலை யார் பகிர்ந்திருப்பார்கள்? ஆட்ட நாயகி விருதை அவருக்கே கொடுத்தார்கள், நியாயம்.

இப்போது என் கோபம். கீப்பராக ஆடி முடித்தவர் ஓய்வு பெற்றதும், உலகத்தில் எந்த ஊராக இருந்தாலும், அவர் கையில் பெரும்பாலும் கொடுக்கப்படும் வேலை ஒன்றே ஒன்று: கீப்பிங் கோச். பயிற்சி நேரத்தில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மைதானத்தின் மூலைக்குப் போய்ப் பந்து அடித்துக் கொடுக்க வேண்டும். அணி எப்படி ஆட வேண்டும் என்ற பேச்சு நடக்கும் மேசையில் அவருக்கு நாற்காலி கிடையாது. ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, ப்ரோ லைசென்ஸ் என்று ஒவ்வொரு படியாக ஏறுவதற்குப் பணமும் நேரமும் வேண்டும். ராணுவச் சம்பளத்தில் ஆடிய தலைமுறைக்கு அது எட்டாத உயரம். ஐரோப்பாவில் ஆடியவர்களுக்கு எட்டும், ஆனால் அவர்கள் மணிலாவுக்குத் திரும்பி வந்து அங்கே குடியிருக்க வேண்டுமே.

எதரிட்ஜ் பர்மிங்காம் முடித்து 2024இல் தாய்லாந்தின் புரிராமுக்கு ஆடப் போனார். லண்டனிலிருந்து பார்த்தால் அது பாதி தூரத்துக்கும் மேல். இன்னும் ஒரு குட்டி விமானப் பயணம்தான் பாக்கி.